த்ரீ நாட் த்ரீயும் ஒட்டவைத்த கதைகளும்

நம் வயதுக்காரர்களில் பி.எஸ்.ஏ. சைக்கிள் மிதிக்காதவர் குறைவு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டி. அந்த பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அசல் கம்பெனியின் முத்திரையே மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய படம்தான். திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டியின் ‘என்ஃபீல்டு’ பெயரும் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். ஆக, துப்பாக்கி சேகரிப்பதைப் பற்றி இவன் ஏன் எழுதுகிறான், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க வேண்டாம். நாம் பள்ளிக்கூடம் போனதே துப்பாக்கிக் கம்பெனிப் பெயர் ஒட்டிய வண்டியில்தான்.

நான் ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் ஆர்மரர். துப்பாக்கி சுடுவது என் வேலை இல்லை. சுடுகிறவன் கையில் அது வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நான் சேர்ந்தபோது படைகளுக்கு எஸ்.எல்.ஆர். வந்துவிட்டது. ஆனாலும் கோத் என்று நாங்கள் சொல்லும் ஆயுத அறைகளில் .303, அதாவது நம் ஊர் பாஷையில் த்ரீ நாட் த்ரீ, இன்னும் வரிசையாக நின்றது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய ராணுவத் துப்பாக்கி விற்கும் உலகத்தில் இரும்பைவிடக் கதைக்குத்தான் விலை அதிகம். போலி செய்கிறவன் பெரும்பாலும் துப்பாக்கி செய்வதில்லை. கதைதான் செய்கிறான்.

இதை எழுதத் தூண்டியவன் என்னோடு வேலை பார்த்த ஒரு நாயிப் சுபேதாரின் மகன். அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே சட்டப்படி பழைய ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது ஒரு பொழுதுபோக்கு, நம் ஊரில் தபால்தலை சேர்ப்பது மாதிரி. அப்பா தொட்ட துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா இப்போது இல்லை. போன தை மாதம் நான்கு புகைப்படங்கள் அனுப்பி, “பெரியப்பா, இது ஜங்கிள் கார்பைன். இஷாப்பூர்ல செஞ்சது. 1944ல நம்ம பட்டாளம் பர்மாவுல வெச்சிருந்ததாம். ஆயிரத்து நானூறு டாலர் சொல்றாங்க, வாங்கிடட்டுமா?” என்று கேட்டான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்கட்டை சேரும் இடத்தில், போல்ட்டுக்குக் கீழே வலது பக்கம், அசோகச் சின்னம். அதற்குக் கீழே ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்து. மேகசின் சதுரப் பெட்டி மாதிரி. “தம்பி, மேகசின் எந்தக் குண்டுக்கு என்று கேள்” என்றேன். 7.62 என்று பதில் வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. அந்த 7.62 நேட்டோ தோட்டா பிறந்ததே 1950களில். பர்மா யுத்தம் முடிந்தது 1945ல். அசோகச் சின்னம் நம் அரசுச் சின்னமானது 1950ல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அந்தத் துப்பாக்கி எப்படி 1944ல் பர்மாக் காட்டுக்குள் போயிருக்கும்?

உண்மையில் அது என்ன என்றால், 1962 சீனப் போருக்குப் பிறகு துப்பாக்கித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இஷாப்பூரில் செய்த 2ஏ1 ரகம். பழைய எஸ்.எம்.எல்.இ. அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல எஃகில் செய்தார்கள். அருமையான துப்பாக்கி. தன் பெயரிலேயே நிற்கத் தகுதி உள்ளது. அதை அமெரிக்காவில் யாரோ குழலை வெட்டிக் குறுக்கி, முனையில் கூம்பு மாதிரி ஒரு ஃப்ளாஷ் ஹைடர் மாட்டி, முன்கட்டையைச் சிறிதாக்கி, ஜங்கிள் கார்பைன் வேஷம் போட்டுவிட்டார்கள். இப்படி மாற்றியதை ‘மாற்றியது’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாலு கை மாறிய பிறகு அதன் மேல் பர்மா வந்து ஏறிக்கொள்கிறது.

அசல் ஜங்கிள் கார்பைன் என்பது நம்பர் 5 மார்க் 1. அது .303 தோட்டா. 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் இரண்டே இடங்களில் செய்தார்கள்: ஃபஸாக்கர்லி, பிறகு பி.எஸ்.ஏ.வின் ஷர்லி ஆலை. இஷாப்பூர் நம்பர் 5ஐ உற்பத்தி செய்ததே இல்லை. அங்கே பெருமளவில் செய்தது நம்பர் 1 குடும்பம்தான். எடையைக் குறைப்பதற்காக நம்பர் 5ல் அங்கங்கே எஃகைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். குழல் பாடிக்குள் போகும் தடித்த பகுதியில் பள்ளம் இருக்கும், பாடியிலும் இருக்கும், போல்ட் கைப்பிடியின் குமிழைக்கூடத் துளைத்திருப்பார்கள். கட்டையை இறக்கிப் பார்த்தால்தான் குழலில் உள்ள பள்ளம் தெரியும். வெட்டிக் குறுக்கினவன் வெளியே தெரிகிறதைச் செய்வான், கட்டைக்குள் மறைந்திருப்பதைச் செய்ய மாட்டான். அதனால்தான் விற்கிறவர் கட்டையை இறக்கிக் காட்டச் சம்மதிக்கிறாரா என்பது எனக்கு முதல் பரீட்சை. “பழைய மரம் சார், உடைந்துவிடும்” என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

போலித் துப்பாக்கி என்றதும் எல்லாரும் சொல்வது தர்ரா ஆதம் கேல். பாகிஸ்தானில் பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவே உள்ள ஊர். தெருவெல்லாம் துப்பாக்கிப் பட்டறை. அங்கே அரத்தையும் கைத்துளைப்பானையும் வைத்துக்கொண்டு மார்ட்டினி ஹென்றியையும் லீ என்ஃபீல்டையும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். கிடைத்த இரும்பில் செய்தார்கள், ரயில் தண்டவாளம் உட்பட. முத்திரையையும் கையாலேயே வெட்டினார்கள். ஆங்கிலம் படிக்காதவன் ஆங்கில எழுத்தைப் படமாகப் பார்த்து வெட்டினால் என்ன ஆகும்? ‘என்’ என்ற எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். என்ஃபீல்டு என்ற பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கும். கிரீடம் காலிஃபிளவர் மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும்விட எளிமையானது வருடம். கிரீடத்துக்குக் கீழே வி.ஆர். என்று இருந்தால் விக்டோரியா ராணி. அவர் இறந்தது 1901 ஜனவரியில். வி.ஆர். என்று போட்டு அதற்குக் கீழே 1915 என்று இருந்தால், ராணி செத்துப் பதினாலு வருஷம் கழித்து துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். இப்படி எத்தனையோ துப்பாக்கிகள் உலகமெங்கும் சுவரில் தொங்குகின்றன. ஆப்கானிஸ்தானில் வேலை பார்த்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் கடைத்தெருவில் வாங்கி ஊருக்கு எடுத்துப்போனார்கள். 1898க்குள் செய்தது என்றால் அந்த நாட்டுச் சட்டப்படி அது பழம்பொருள், உரிமத் தொல்லை இல்லை. அதனால் கடைக்காரனுக்கும் பழைய தேதி போடுவதில் ஆர்வம். கேட்கிறவனுக்குப் பிடித்த தேதி.

ஒரு எச்சரிக்கை. வி.ஆர். பார்த்தவுடனே போலி என்று குதிக்கவும் கூடாது. பழைய நீளமான லீ என்ஃபீல்டையும் லீ மெட்ஃபோர்டையும் பின்னாளில் வெட்டிக் குறுக்கி எஸ்.எம்.எல்.இ. ஆக்கினார்கள், அரசாங்கமே செய்தது. அவற்றில் வி.ஆர். இருக்கும், கூடவே 1901க்கு முந்திய வருடமும் இருக்கும். அது நேர்மையான வி.ஆர்.

தர்ராக்காரர்மேல் எனக்குக் கோபம் கிடையாது என்று சொன்னால் சிலர் ஆச்சரியப்படுவார்கள். அவர் தன் பக்கத்து மலைக்காரனுக்குத் துப்பாக்கி செய்தார், அருங்காட்சியகத்துக்கு அல்ல. கையால் அப்படி ஒரு பூட்டை ராவி எடுப்பது என்னால் முடியாது. அதை ‘தர்ராத் துப்பாக்கி’ என்றே வாங்கி, அப்படியே சொல்லிச் சுவரில் மாட்டினால் நல்ல சேகரிப்புதான். ஆபத்து எங்கே என்றால், அதை என்ஃபீல்டு என்று நம்பித் தோட்டா போடுகிறானே, அங்கே. ஆலையில் செய்த பாடியும் போல்ட்டும் எஃகைப் பதம் பார்த்துச் சூடேற்றிக் குளிர்வித்தவை. பட்டறை இரும்பு அப்படி இல்லை. அந்த மலைப்பகுதியில் தோட்டாவையும் பல சமயம் மென்மையாக நிரப்பிக்கொண்டார்கள். அதே துப்பாக்கியில் ஆலைத் தோட்டாவைப் போட்டுக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு விசையை இழுத்தால், போல்ட் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கும் அதற்கும் நடுவே நாலு விரற்கடைதான்.

அசல் .303லேயே நாங்கள் கேஜ் போடாமல் ஒன்றையும் வெளியே விட்டதில்லை. ஒரு கேஜ் .064 அங்குலம், அதன்மேல் போல்ட் மூட வேண்டும். இன்னொன்று .074 அங்குலம், அதன்மேல் மூடக் கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கி அன்றைக்குக் கோத்துக்குத் திரும்பாது. ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஒரு ஆளின் முகம் இருக்கிறது. இதனால்தான் போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணும் பாடியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். சேகரிப்பவர்கள் இதை விலைக்காகப் பார்க்கிறார்கள். ஒரே எண் என்றால் விலை கூடும். எங்களுக்கு அது விலை இல்லை. அந்த போல்ட்டை அந்தப் பாடிக்கென்று ஓர் ஆள் உட்கார்ந்து பொருத்தியிருக்கிறான் என்பதற்கான சாட்சி.

விலை கூடும் என்று தெரிந்தால் எண்ணையும் வெட்ட ஆள் வந்துவிடுவான் அல்லவா? பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். ஆனால் தேய்த்த இடம் சற்றுப் பள்ளமாக இருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை அதன் விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் அடியில் ஒளி தெரியும். எழுத்தின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். என்ஃபீல்டின் 4க்கும் லித்கோவின் 4க்கும் நம் இஷாப்பூரின் 4க்கும் ஜாடை வேறு. பத்து அசலைப் பார்த்தவனுக்குப் பதினோராவது பொய் என்றால் வயிற்றைப் பிசையும். புத்தகம் படித்து மட்டும் இது வராது.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். போலிகளில் மோசமானது அசலிலிருந்து செய்த போலி.

நம் இஷாப்பூர்த் துப்பாக்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மேகசினுக்கு முன்னால் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் கட்டை பிளக்காமல் இருக்கப் போட்டது. வெளிநாட்டில் அதற்கு ‘இஷாப்பூர் திருகு’ என்றே பெயர். சில துப்பாக்கிகளின் முன்பகுதியில் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிப் பற்றவைத்திருக்கும். கிரனேடு எறிய ஒதுக்கியவை அவை, குழல் வெடித்தாலும் சிதறாமல் இருக்கக் கட்டு. சிலவற்றில் டி.பி. என்று அடித்திருக்கும், கவாத்துக்கு மட்டும் என்று அர்த்தம். என்.சி.சி.யில் இருந்தவர்கள் தோளில் தூக்கியது அதுதான். இன்னும் சிலவற்றைக் காவலுக்கென்று .410 மஸ்கெட் ஆக மாற்றினார்கள். குழலில் வரி கிடையாது, மேகசின் இருக்கும் பள்ளத்தில் மரக்கட்டை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. காவலர் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாலும் ராணுவத் தோட்டா அதில் வேலை செய்யாது. ஆங்கிலேயனின் பயம் அந்த மரக்கட்டையில் அப்படியே இருக்கிறது. ஒரு சரித்திரப் பாடத்தைவிட அந்தக் கட்டை நன்றாகச் சொல்லித் தரும்.

இதையெல்லாம் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? திருகைப் பிடுங்கி ஓட்டையை மர மெழுகால் அடைக்கிறார். கம்பியை அறுத்து எறிகிறார். கட்டையை மணல்தாளால் தேய்த்து, எங்கள் ஆட்கள் வருஷாவருஷம் ஆளி எண்ணெய் தேய்த்து ஏற்றிய கறுப்பை எடுத்துவிட்டு, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று ஆக்குகிறார். பட்டில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய ராக் எண்ணை அழிக்கிறார். அப்புறம் ‘1918, முழு அசல் நிலை’ என்று அறிவிப்பு. ஐயா, அசலை அழித்தவர் நீங்கள்தானே! அந்தத் திருகு 1918க்கு அப்புறம் வந்ததுதான். ஆனால் அந்தத் துப்பாக்கி 1918ல் செத்துப்போகவில்லையே. அதற்கப்புறம் நாற்பது வருஷம் உழைத்தது. உழைத்ததன் தழும்பு அது. பாட்டியின் காது ஓட்டையைத் தைத்துவிட்டு இதுதான் என் பாட்டியின் சிறு வயது முகம் என்று காட்டுவது மாதிரி இருக்கிறது.

டி.பி. துப்பாக்கியை ‘மீட்டு’ச் சுடும் துப்பாக்கி ஆக்குவது இன்னும் மோசம். டி.பி. என்ற இரண்டெழுத்தை யாரோ ஓர் ஆர்மரர் காரணத்தோடு அடித்தான். குழல் தேய்ந்திருக்கலாம், பாடி வளைந்திருக்கலாம், வேண்டுமென்றே ஓட்டை போட்டிருக்கலாம். அவனுடைய முத்திரையைத் தேய்த்து எடுப்பது ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

ஜெர்மன் மௌஸர் விஷயத்திலும் இதே கூத்துதான் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் கைப்பற்றிய மௌஸர்களைக் கழற்றி, எல்லாப் பாகங்களையும் கலந்து, மறுபடி பூட்டி, நீலம் ஏற்றி, மேலே பெருக்கல் குறி மாதிரி ஒரு முத்திரை போட்டு வைத்தார்கள். பல துப்பாக்கிகளில் கழுகின் காலடியில் இருந்த ஸ்வஸ்திகாவை உளியால் தட்டி அழித்தார்கள். பிற்பாடு அவை சந்தைக்கு வந்தன. இப்போது ஒரு கூட்டம் அந்தப் பெருக்கல் குறியைத் தேய்த்து எடுத்து, கழுகைப் புதிதாக அடித்து, ‘சிப்பாய் நேரடியாகக் கொண்டுவந்தது’ என்று விலை வைக்கிறது. தோற்றவன் துப்பாக்கியை ஜெயித்தவன் எடுத்துப்போய்ப் போட்ட குறி எவ்வளவு பெரிய செய்தி! அதை அழித்துவிட்டு ஒரு சாதாரணப் பொய்யை வைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருக்கல் குறி போட்டதுதான் வேண்டும்.

பெரிய பணம் புரளும் இடம் தொலைநோக்கி வைத்த நம்பர் 4 டி. குறி தவறாத நல்ல துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்து, பெரும்பாலும் ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்ற லண்டன் கம்பெனியிடம் கொடுத்து ஸ்னைப்பர் ஆக்கினார்கள். சாதாரண நம்பர் 4ல் இரண்டு பட்டை வைத்து, ஒரு தொலைநோக்கியை மாட்டினால் பார்வைக்கு அதே மாதிரி ஆகிவிடும், விலை பல மடங்கு ஏறிவிடும். ஆனால் அசலில் பாடியின் இடப்பக்கம் டி என்ற எழுத்து இருக்க வேண்டும். பட்டின் அடியில் எஸ் 51 என்ற அந்தக் கம்பெனியின் குறி. தாங்கியில் துப்பாக்கியின் எண். பட்டின் கழுத்துப் பகுதியில் தொலைநோக்கியின் எண். நாலு இடமும் ஒன்றையொன்று சாட்சி சொல்ல வேண்டும். ஒரு சாட்சி மட்டும் ரொம்பச் சுத்தமாக, புதிதாக, கூர்மையாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் அந்தச் சாட்சிமேல்தான்.

நம் ஊரிலும் இதற்குச் சமமானது உண்டு. ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று தேதி போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. ஆனால் அதற்கு அரிசி இழுக்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லி, வீட்டை விற்றுப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! காசு போலி என்பதைவிட, அதோடு கொடுத்த கதைதான் அவர்களைச் சாய்த்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல பழம்பொருளும் கிடைக்கும், நேற்றுச் செய்த பித்தளைத் திசைகாட்டியும் கிடைக்கும். கதை சொல்லாத கடைக்காரரிடம் வாங்குங்கள்.

வாங்கியது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் நேபாள ராணுவம் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்த துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மஸ்கெட்டிலிருந்து மார்ட்டினி ஹென்றி வரை எல்லாம். 2003ல் இரண்டு அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். அழுக்கும் கிரீஸும் மூடிக் கிடந்த பொருள். யாரும் அதைப் போலியாகச் செய்து அரண்மனைக்குள் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது. அதிலேயே ஒரு வேடிக்கை. மார்ட்டினி மாதிரியே இருக்கும், உள்ளே திறந்தால் வேறு மாதிரி. இதுவும் தர்ரா மாதிரி ஏதோ நகல் என்று தள்ளிவிட்டிருப்பார்கள். அது கஹேந்திரா ரைஃபிள். ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் என்ற நேபாளத் தளபதியின் பெயரில், நேபாளிகளே கையால் செய்தது. நகல் என்று நினைத்தது ஒரு நாட்டின் சொந்த முயற்சி. அசல், போலி என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இந்தப் பொழுதுபோக்குக்கே இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். .303 தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண உரிமத்தில் கிடைக்காது. உரிமம் இருந்தாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இதில் எனக்கு மனக்குறை இல்லை. நம் தெருக்களில் துப்பாக்கி குறைவாக இருப்பதே நல்லது என்று துப்பாக்கியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். பரணில் தாத்தாவின் பழைய மருந்துக்கெட்டித் துப்பாக்கி இருந்தால், ‘வேலை செய்யாது, சும்மா கிடக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. அது அப்படிப்பட்டதா என்று தீர்மானிப்பது நீங்களோ நானோ அல்ல. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

என் குறை வேறு. 2008ல் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே.47க்கு எதிரே நம் காவலர்கள் கையில் இருந்தது இந்தத் த்ரீ நாட் த்ரீ. அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாக அதை விடைகொடுத்து அனுப்பினார்கள். 2020 குடியரசு தின அணிவகுப்பில் உத்தரப் பிரதேச போலீஸ் கடைசியாக அதைத் தூக்கி நடந்தது. போக வேண்டியதுதான், காலம் தாண்டிய ஆயுதம். ஆனால் ஓய்வுபெற்ற துப்பாக்கி பெரும்பாலும் உலைக்குப் போகிறது. இன்னும் முப்பது வருஷம் கழித்து, ஓர் இந்திய போலீஸ் துப்பாக்கி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நம் பேரன்கள் டெக்சாஸுக்குப் போக வேண்டும். அங்கேயும் திருகைப் பிடுங்கி வார்னிஷ் அடித்ததைத்தான் பார்ப்பார்கள்.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021ல் காவல் அருங்காட்சியகம் திறந்தார்கள். நல்ல காரியம், பேரன் பேத்திகளை அழைத்துப் போங்கள். என் யோசனை இதுதான்: மாவட்டத்துக்கு ஐந்து துப்பாக்கியாவது, குழலை அடைத்துச் சுட முடியாதபடி செய்து, வேறு எதையும் தொடாமல், அழுக்கோடும் ராக் எண்ணோடும் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஆலை, எந்த வருடம், எந்தெந்த ஸ்டேஷனில் இருந்தது என்று பழைய ஆயுதப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். ‘பிரிட்டிஷ் காலத் துப்பாக்கி’ என்று ஒற்றை வரி அட்டை வைத்தால் அதை யாரும் எந்தக் கதைக்கும் இழுத்துக்கொள்ளலாம். பதிவேடுகள் எங்கேயோ ஓர் அறையில் கரையான் தின்னக் காத்திருக்கின்றன. துப்பாக்கிகளுக்கு முன்னால் அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் காவல்துறையிலிருந்தோ என்.சி.சி.யிலிருந்தோ ஓய்வுபெற்றவர்கள் சிலராவது இருப்பீர்கள், இன்னும் உள்ளே பேச்சுக்கு மதிப்பு உள்ளவர்கள். கழித்துக்கட்டும் பட்டியல் தயாராகும்போது ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எண்ணை எழுதும்போது பாடியின் எண்ணோடு நிறுத்தாமல், போல்ட்டின் எண்ணையும் தனியாக ஒரு கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.